பிளக்கைப் பிடுங்கியும் கேட்ட குரல்

முனிரத்தினத்தின் வீட்டில் மெதுவாகப் பேசத் தெரிந்தவர் யாரும் கிடையாது. அப்பா ராஜப்பா இருபத்தாறு வருஷம் தங்கச் சுரங்கத்துக்குள் பாறையில் துளை போடும் மெஷினைப் பிடித்தவர். வேலையை விட்டு வந்தபோது காதைக் கீழேயே விட்டுவிட்டு வந்தார். "சாப்பிட வாங்க" என்று அம்மா பாப்பம்மா குரல் கொடுத்தால், சுரங்கத் தொழிலாளிகள் குடியிருக்கும் ஸ்கெலட்டன் லைனில் நாலு வீட்டு ஆம்பளைகள் கைகழுவப் போவார்கள். அப்படியும் ராஜப்பாவுக்குத் தெளிவாகக் கேட்டது மகன் குரல் ஒன்றுதான். அது லேசுப்பட்ட குரல் இல்லை.

அந்தக் குரலோடு முனிரத்தினம் 1967இல் பெங்களூரில் ஒரு விமானக் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தான். தினமும் விடியற்காலையில் பக்கத்து ஸ்டேஷன் ஊரிகத்தில் ரயிலேறுவான். பயிற்சி விமானத்தில் முன்னும் பின்னுமாக இரண்டு சீட்டு. இரண்டு பேரும் பேசிக்கொள்ள ஹெட்செட், கைப்பிடியில் ஒரு பொத்தான். பொத்தானை அமுக்கினால்தான் குரல் மறுபக்கம் போகும். இதையெல்லாம் மாட்டுவதும் சோதிப்பதும் அவன் வேலை. முன்சீட்டில் இவன் அமுக்கிப் பேசுவான். பின்சீட்டில் கூட வேலை செய்யும் வால்டர் கேட்டுவிட்டுக் கட்டைவிரலைத் தூக்குவான். இவன் கையெழுத்துப் போடுவான். வீட்டுக்கு வந்ததும் அதை அப்படியே அப்பாவுக்கு நடித்துக் காட்டுவான். அவருக்கு அது தினமும் வேண்டும்.

ஆறாவது மாதம், அவன் கையெழுத்துப் போட்ட விமானத்தில் பைலட் இன்ஜினைப் போட்டுவிட்டுப் பொத்தானை அமுக்கினார். பின்சீட்டுக்கு ஒரு சத்தமும் போகவில்லை. பறக்காமலே இறங்கிவிட்டார்கள். பிரித்துப் பார்த்தால், பொத்தானுக்குப் போகும் ஒயரைப் பற்றவைக்கவே இல்லை.

கம்பெனி இன்ஸ்பெக்டர் முனிரத்தினத்தையும் வால்டரையும், இன்ஜினைப் போடாமல், அதே விமானத்தில் உட்காரவைத்தார். "நேத்து எப்படிச் செஞ்சீங்களோ அப்படியே செய்யுங்க."

"ஒன், டூ, த்ரீ!" என்றான் முனிரத்தினம். வால்டர் கட்டைவிரலைத் தூக்கினான்.

இன்ஸ்பெக்டர் முனிரத்தினத்தின் ஹெட்செட் பிளக்கைப் பிடுங்கி, கூடியிருந்தவர்களுக்கு உயர்த்திக் காட்டினார். "இன்னொரு தடவை."

"ஒன், டூ, த்ரீ!"

பிளக் பிடுங்கியதைப் பார்க்காத வால்டர் மறுபடியும் கட்டைவிரலைத் தூக்கினான். விமானம் நிறுத்தும் ஹாங்கரே சிரித்தது. இத்தனை நாளும் ஒயர் வழியாகப் போனதோ இல்லையோ, குரல் நேராகவே போயிருக்கிறது!

இன்ஸ்பெக்டர் மட்டும் சிரிக்கவில்லை. "ஏம்ப்பா இப்படிக் கத்தறே? உங்க வீட்ல யாருக்காவது காது கேக்காதா?" என்று சாதாரணமாகத்தான் கேட்டார்.

"அதெல்லாம் இல்ல சார்."

பிறந்ததிலிருந்து முதல்தடவையாக மெதுவாகப் பேசியது அதுதான். ஆமாம் என்று சொல்லியிருந்தால் என்ன குடிமுழுகிப் போயிருக்கும்? சிரிப்புக்குப் பயந்து அப்பாவையே இல்லை என்று சொல்லியாயிற்று. ரயிலில் ஊர் வருகிற வரைக்கும் அவன் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

அன்றிலிருந்து அடக்கிப் பேசப் பழகினான், வீட்டிலும்தான். "இன்னாடா, இன்னிக்கு டெஸ்ட்டு எப்டி?" என்று ராஜப்பா கேட்பார். இவன் ஏதோ முணுமுணுப்பான். கேட்டதுபோல அவரும் தலையாட்டிக்கொள்வார். மூன்று வாரம் இப்படியே போனது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ராஜப்பா கையில் ஒரு சின்ன சீசாவோடு வெயிலில் நடந்து வந்தார்.

"மிச்சம் இருந்ததும் போயிட்ச்சுடா," என்றார். "உன் குரல் ஒண்ணு கேட்டுனு இருந்துச்சு. அதுவும் இப்ப கேக்கல. கம்பவுண்டர் இத்த வுடச் சொன்னாரு."

பாப்பம்மா மகனைப் பார்த்தாள். அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது.

முனிரத்தினம் சீசாவை வாங்கினான். அப்பாவைப் பாயில் சாய்த்துப் படுக்கவைத்து, தன் கையாலேயே இரண்டு காதிலும் சொட்டு மருந்து விட்டான். அவர் எழுந்து உட்கார்ந்ததும், அடக்கி வைத்திருந்த குரலையெல்லாம் திறந்தான்.

"நைனா! ஒன், டூ, த்ரீ!"

ராஜப்பாவின் முகம் மலர்ந்தது. மகன் நடித்துக் காட்டிய வால்டரைப் போலவே கட்டைவிரலைத் தூக்கினார்.

"கேக்குதுடா! மருந்துன்னா இதாண்டா மருந்து!" பக்கத்து வீட்டுக் கோவிந்தசாமியும் அவரோடு மெஷின் பிடித்தவர்தான், அவருக்கும் காது கேட்காது. "கோவிந்தசாமிக்கும் ரெண்டு சொட்டு வுட்டுட்டு வாடா. அவன் புள்ள பேசறதும் அவனுக்குக் கேக்கட்டும்."

உண்மையைச் சொல்ல முனிரத்தினத்துக்கு வாய் வரவில்லை. சீசாவை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனான்.