இரண்டு சர்க்கார்களும் ஒரு அஞ்சலையும்

இந்தியா சர்க்காரின் பிரதிநிதிகளும் நம்முடைய மலாய் நாட்டு அதிகாரிகளும் கோலாலம்பூரில் கூடிப் பேசி முடித்துவிட்டார்கள். பத்திரிகையில் பார்த்திருப்பீர்கள். வியாபாரம், துறைமுகப் பாதுகாப்பு, தொழிலாளர் போக்குவரத்து... எல்லாவற்றிலும் இரு தரப்புக்கும் பூரண திருப்தியாம்.

திருப்தி. நல்ல வார்த்தைதான். யாருக்குத் திருப்தி?

கேட்க எனக்கு உரிமை உண்டு. நான்கு நாளும் நான் அங்கே இருந்தேன்.

கோர்ட்டில் முப்பது வருஷம் மொழிபெயர்ப்பாளனாக இருந்து ஓய்வு பெற்று, பிரிக்ஃபீல்ட்ஸில் வீட்டோடு கிடப்பவன் நான் என்பது உங்களுக்குத் தெரியும். கூட்டத்துக்கு நியமித்திருந்த மொழிபெயர்ப்பாளர் மலேரியாவில் படுத்துவிட்டார். ஒரு பியூன் சைக்கிளில் வந்து கடிதத்தை நீட்டினான். எனக்குப் பெருமை தாங்கவில்லை. மனைவி பெட்டியின் அடியிலிருந்து கறுப்புக் கோட்டை எடுத்து உதறிக் கொடுத்தாள்.

முதல் இரண்டு நாள் எனக்கு வேலையே இல்லை. எல்லாம் இங்கிலீஷ். சுவரோரம் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். ரப்பர் விலையைப் பற்றிப் பேசினார்கள். பர்மா அரிசி வரத்தைப் பற்றிப் பேசினார்கள். கடலில் யாராவது வம்புக்கு வந்தால் துறைமுகத்தை எப்படிக் காப்பது என்று பேசினார்கள். இந்த மூன்றுக்கும் நடுவே நம்முடைய ஜனங்களும் வந்தார்கள் — இத்தனை பேரை இறக்குவது, இத்தனை பேரைத் திருப்புவது, இப்போதைக்கு நிறுத்துவது. அரிசி மூட்டைக்கும் இதே வார்த்தைகளைத்தான் சொன்னார்கள். ஒரே பிரிட்டிஷ் மகுடத்தின் கீழ் இருக்கிற இரண்டு சர்க்கார்கள் அல்லவா? சண்டையே இல்லை. ஒருவர் பேசி முடித்ததும் இன்னொருவர் நன்றி சொன்னார்.

மூன்றாம் நாள், தொழிலாளரை நேரில் பார்க்க வேண்டும் என்றார் டெல்லிப் பிரதிநிதி. வட இந்தியர், வயதானவர். தமிழ் ஒரு எழுத்துத் தெரியாது. மோட்டார் கார்களில் கிள்ளானுக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்துக்குப் போனோம். தோட்டத்தின் பெயர் வேண்டாம்.

காலைப் பால்வெட்டு முடிந்து ஆட்களை வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். வரிசையின் இந்தக் கோடியில் கணக்கெழுதும் தோட்டத்துக் கிராணி, அந்தக் கோடியில் ஆட்களை மேய்க்கும் கங்காணி. ஆட்கள் குடியிருக்கும் லயங்களுக்கு அன்றைக்குத்தான் சுண்ணாம்பு அடித்திருக்க வேண்டும். வாசனை போகவில்லை.

"குறை ஏதாவது உண்டா என்று கேளுங்கள்" என்றார் பிரதிநிதி.

கேட்டேன். யாரும் வாய் திறக்கவில்லை. கிராணியைப் பார்த்தார்கள், தரையைப் பார்த்தார்கள். கார் பக்கம் திரும்பப் போன நேரத்தில் இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண் முன்னால் வந்தாள். பெயர் அஞ்சலை என்று பிறகு தெரிந்தது.

"நான் புள்ள பெத்துட்டு கிள்ளான் ஆசுபத்திரில காய்ச்சலாக் கெடந்தேங்கய்யா. ரப்பருக்கு வெல இல்லன்னு அப்ப ஆளுங்கள ஊருக்குக் கப்பல் ஏத்துனாங்க. எங்க வீட்டுக்காரரு போமாட்டேன்னாரு. 'நீ ஏறு, பொஞ்சாதி அடுத்த கப்பல்ல வருவா'ன்னு கிராணி சொன்னாரு. நான் வந்து பாத்தா லயத்துல ஆளு இல்ல. இந்தப் புள்ள நடக்க ஆரம்பிச்சிருச்சு. அடுத்த கப்பல் இன்னும் வரல. ஆபீசுல கேட்டா, உனக்குத்தான் வேலை இருக்கே, எதுக்கு அனுப்பணும்ங்கறாங்க. அவரு அங்க நாகப்பட்டினத்துல போய்க் கேட்டா, இப்ப மலாயாவுக்கு ஆளு ஏத்தறதில்லன்னு தொரத்துறாங்களாம். ஒண்ணு என்ன அனுப்புங்க, இல்ல அவர வர விடுங்க. ரெண்டு சர்க்காரும் சேந்து வந்திருக்கீங்கன்னாங்க. அதான் கேக்கறேன்."

டிக்கெட் வாங்கிக்கொண்டு போகட்டுமே என்று யாராவது நினைக்கலாம். கூலியை வெட்டிய பிறகு தோட்டத்தில் கைக்குழந்தையோடு இருந்து பார்த்துவிட்டு அப்புறம் சொல்லுங்கள்.

நான் வாயைத் திறப்பதற்குள் நம்முடைய உள்ளூர் அதிகாரி என் பக்கம் சாய்ந்து தணிந்த குரலில் சொன்னார்: "குடும்ப விஷயம் என்று சொல்லிவிடும். நேரமாகிறது."

இப்போது எழுதவே கை கூசுகிறது. ஒருமுறை ஒரு கொலைக் கைதி நீதிபதியை முகத்துக்கு நேரே வாய்க்கு வந்தபடி ஏசினான். ஒரு சொல் விடாமல் இங்கிலீஷில் சொன்னவன் நான். அதுதான் என் தொழில். அதே நான் அன்று அந்த வெள்ளைச் சுவர்களுக்கு முன்னால் நின்று, "குடும்ப விஷயமாக ஒரு வேண்டுகோள், சார்" என்றேன்.

பிரதிநிதி தலையாட்டினார். "மனு எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள்."

"மனு எழுதிக் குடும்மா" என்றேன் அவளிடம்.

அவள் நகரவில்லை. கோபப்படவும் இல்லை. என் முகத்தையே பார்த்தாள்.

"நான் இம்புட்டு நேரம் சொன்னேனே அய்யா... நீங்க ரெண்டு வார்த்தைல முடிச்சிட்டீங்களே. மிச்சத்த எங்க வெச்சிருக்கீங்க?"

இங்கிலீஷ் தெரியாத பெண். ஆனால் அளவு தெரிந்தது. முப்பது வருஷத்தில் எந்த வக்கீலும் என்னை இப்படிக் குறுக்கு விசாரணை செய்ததில்லை.

"சார், நான் சொன்னது தவறு" என்று தொடங்கினேன். கோர்ட்டுக் குரல் தானாக வந்துவிட்டது. ஆசுபத்திரி, காய்ச்சல், கிராணியின் வாக்கு, இரண்டு பக்கமும் அடைத்த கதவு — எல்லாவற்றையும் அவள் சொன்ன வரிசையிலேயே சொன்னேன். உள்ளூர் அதிகாரியின் கழுத்து சிவந்தது. தோட்டத்தை நிர்வகிக்கும் வெள்ளைக்காரத் துரை கடிகாரத்தைப் பார்த்தார். பிரதிநிதி என்னைப் பார்க்காமல் குழந்தையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அடுத்த கப்பல் என்று சொன்னது யார்?" என்று மட்டும் கேட்டார்.

கிராணிக்கு ஞாபகம் இல்லையாம்.

நான்காம் நாள் மேஜைக்கு விஷயம் வந்தது. புருஷனை அனுப்பி வைக்க வேண்டியது இந்தியா என்றது இந்தப் பக்கம். பெண்டாட்டியைத் திருப்பி அனுப்ப வேண்டியது மலாயா என்றது அந்தப் பக்கம். இருவரும் அடுத்தவருடைய அதிகாரத்தில் தலையிட விரும்பவில்லை என்று மிக மரியாதையாகச் சொல்லிக்கொண்டார்கள். கடலில் வருகிற எதிரியைச் சேர்ந்து தடுக்க இவர்களால் முடியுமாம். ஒரு பெண்ணை அவள் புருஷனிடம் சேர்க்க முடியவில்லை. கடைசியில், இதைக் கடிதப் போக்குவரத்தில் தீர்த்துக்கொள்வது என்று முடிவாயிற்று. டீ வந்தது.

மாலையில் என்னிடம் ஒரு தாளை நீட்டினார்கள். தோட்ட விஜயத்தின் அறிக்கை; மொழிபெயர்ப்பு சரியென்று நான் கையெழுத்துப் போட வேண்டும். படித்துப் பார்த்தேன். தொழிலாளர் பொதுவாகத் திருப்தியுடன் காணப்பட்டனர். ஒரு பெண் குடும்ப விஷயமாக ஒரு வேண்டுகோள் விடுத்தாள்.

என்னுடைய வார்த்தைகள். நானே எடுத்துக் கொடுத்த வார்த்தைகள்.

"இதில் கையெழுத்துப் போட மாட்டேன் சார்."

"உமக்குப் பென்ஷன் எங்கிருந்து வருகிறது என்று ஞாபகம் இருக்கிறதா?" என்றார் உள்ளூர் அதிகாரி. சத்தம் போடவில்லை. அன்பாகவே கேட்டார்.

ஞாபகம் இருந்தது. நன்றாகவே இருந்தது. தாளைத் திருப்பிப் போட்டு, அஞ்சலை சொன்னது முழுவதையும் பின்பக்கத்தில் இங்கிலீஷில் எழுதினேன். அதற்கு அடியில் கையெழுத்துப் போட்டேன். டெல்லிப் பிரதிநிதி அந்தத் தாளை வாங்கினார். இரண்டு முறை படித்தார். மடித்துத் தன் தோல்பையில் வைத்துக்கொண்டார்.

வீட்டில் விஷயத்தைச் சொன்னேன். "மொதல்ல எதுக்கு ரெண்டு வார்த்தைல சொன்னீங்க?" என்றாள் மனைவி. கறுப்புக் கோட்டைக் கழற்றி அவளிடம் நீட்டினேன்.

இரண்டு நாள் கழித்து அதே பியூன் வந்தான். பிரதிநிதி எழுதிய நாலு வரி. அந்தப் பெண்ணுக்குத் தன் கப்பலிலேயே இடம் சொல்லியிருப்பதாகவும், அவளுக்குத் தகவல் சொல்லித் துறைமுகத்துக்கு அழைத்து வரும்படியும் எழுதியிருந்தார். எந்தச் சட்டத்தின் கீழ், யார் உத்தரவில் — ஒன்றும் இல்லை. நான்கு நாள் இரண்டு சர்க்கார்கள் பேசி முடியாதது, ஒரு மனிதர் பேனாவை எடுத்ததும் முடிந்துவிட்டது. எனக்குச் சந்தோஷம் வர வேண்டும். வந்தது. கூடவே ஆத்திரமும் வந்தது. இவ்வளவு சுலபமாக முடிகிற காரியத்துக்கா ஒரு குழந்தை அப்பன் முகம் தெரியாமல் நடை பழகியது?

நானே தோட்டத்துக்குப் போய் அழைத்து வந்தேன். சுவெட்டன்ஹாம் துறைமுகத்தில் பிரதிநிதிகள் மேல்தட்டுக்கு ஏறினார்கள். அவர்களை வழியனுப்பப் பூமாலைகளோடு நம்மவர்கள் கூட்டம். கீழ்த்தட்டுப் பக்கம் அஞ்சலை ஒரு தகரப் பெட்டி, ஒரு பாய், குழந்தையோடு நின்றாள். அவள் புருஷனுக்குத் தந்தி கொடுத்துவிட்டேன் என்றேன். தலையசைத்தாள். கண் கலங்கியது, துடைத்துக்கொண்டாள்.

கப்பலில் ஏறும் பலகையில் கால் வைக்கப் போனவள் திரும்பி வந்தாள்.

"அய்யா, எங்க லயத்துல என்னப் போல இன்னும் மூணு பேரு இருக்காங்க. அன்னிக்கி வரிசைல நின்னாங்க. கிராணிக்குப் பயந்துக்கிட்டு வாயத் தொறக்கல. நீங்க போய்க் கேட்டா சொல்லுவாங்க."

கப்பல் போன பிறகும் அந்த மூன்று பேரைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அஞ்சலை துணிந்து பேசிய பிறகும் அவர்கள் முன்வராமல் போனது, அவள் பேச்சை நான் முதலில் இரண்டு வார்த்தையில் முடித்ததைப் பார்த்துத்தானே? ஒரு தோட்டத்தில் ஒரு லயத்தில் மூன்று பேர் என்றால், இந்த நாட்டில் எத்தனை தோட்டம், எத்தனை லயம்? பூரண திருப்தி என்று அச்சடித்தவர்களைக் கேட்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை ரயிலில் கிள்ளானுக்குப் போகிறேன். இந்தத் தடவை எந்த சர்க்காரும் என்னைக் கூப்பிடவில்லை.