அப்பாவின் வாயில் துண்டு

சங்கராபுரத்தில் நான் கால்பந்துப் பயிற்சி கொடுக்கும் பிள்ளைகளுக்கு இன்றுதான் முதல் போட்டி. ஷாஹினாவின் காலுக்குப் பந்து வந்ததும் கோட்டுக்கு வெளியே நின்ற பெற்றோர் எல்லோரும் கத்தினார்கள். அவள் மிரண்டு நின்றாள். நானும் கத்த வாயைத் திறந்தேன். அப்போது சாலையில் கரும்பு டிராக்டர் ஒன்று போனது. அந்தப் பச்சை வாசம் என் அப்பாவின் துண்டு வாசம்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான், பந்து ஆடிய முதல் ஆளும் நான்தான். என் முதல் போட்டிக்கு அப்பா கரும்பு வெட்டிவிட்டு அப்படியே வந்திருந்தார். பந்து என் காலுக்கு வந்ததும் கத்தினார்.

"அடி பாப்பா! இன்னா பாத்துக்கினு நிக்கிற?"

"பாஸ் குடு!" என்று விளையாட்டு சாரும் கத்தினார். யார் பேச்சைக் கேட்பது? நின்றேன். பந்து பறிபோனது.

இடைவேளையில் அழுதேன். "நீ கத்துனா நான் இனிமே ஆடவே மாட்டேம்பா."

"கத்தாம எப்பிடிம்மா? வாய் சும்மா கெடக்காதே!"

மறுபாதியில் திரும்பிப் பார்த்தேன். துண்டைச் சுருட்டி வாயில் கடித்தபடி, கண் பிதுங்க நின்றிருந்தார் அப்பா. எனக்குச் சிரிப்பு வந்தது. அடுத்து பந்து வந்தபோது தலையைத் தூக்கி நானே வழி பார்த்தேன்.

இன்று கழுத்து விசிலின் கயிற்றைக் கடித்துக்கொண்டேன். ஷாஹினா என்னைப் பார்த்தாள். பிறகு அவளே தலையைத் தூக்கி, இடப்பக்கம் ஓடிய தோழிக்குப் பந்தைத் தள்ளினாள்.

அவள் அத்தா இன்னும் கத்திக்கொண்டிருந்தார். அடுத்த போட்டிக்கு அவருக்கு ஒரு துண்டு எடுத்துப் போக வேண்டும்.