செலின் மேடமும் வயதான செயற்கைக்கோளும்

காலை வகுப்பின் நடுவே ப்யூன் வந்து, ஆபீசில் எனக்குப் போன் வந்திருப்பதாகச் சொன்னார். வேலூரில் நான் இப்போது பாடம் நடத்தும் பாலிடெக்னிக்குக்கு எனக்கென்று யாரும் போன் செய்வதில்லை. மறுமுனையில் போளூரிலிருந்து சேவியர். செலின் மேடத்தின் தம்பி.

"ராமலிங்கம் சார், அக்கா போய்ட்டாங்க. காலைல ஜெபம் முடிச்சிட்டு காபி கேட்டாங்க. எடுத்துனு வர்றதுக்குள்ள..." 

வகுப்புக்குத் திரும்பினேன். பலகையில் பாதி வரைந்த படம் அப்படியே இருந்தது. பையன்களிடம் என்ன சொல்லி அனுப்பினேன் என்று நினைவில்லை. போளூர் பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் கையில் இன்னும் சாக்பீஸ் இருப்பதைப் பார்த்தேன்.

செலின் அருள்மேரி என்ற பெயர் பத்திரிகைகளில் வந்ததில்லை. ஜவ்வாது மலை மேல், ஜமுனாமரத்தூரைத் தாண்டி ஒரு மேட்டில், செயற்கைக்கோளின் சிக்னலை வாங்கும் சிறிய நிலையம் ஒன்று எழுபதுகளில் இருந்தது. அங்கே பொறுப்பாளராக இருந்தவர் அவர். நான் அவருக்குக் கீழே வேலை பார்த்த எஞ்சினியர்களில் ஒருவன். அவரை அறியாதவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

அவர் போளூர்க்காரர். கிறிஸ்தவக் குடும்பம். அப்பா ரயில்வேயில் வேலை பார்த்தவர். பெங்களூரில் இயற்பியல் படித்து, நட்சத்திரங்களிலிருந்து வரும் எக்ஸ் கதிர்களை அளக்கும் கருவி ஒன்றைத் தன் கையாலேயே செய்து, அது செயற்கைக்கோளில் ஏறிய பிறகுதான் மலைக்கு வந்தார். அதே செயற்கைக்கோளில் இன்னொரு கருவியும் இருந்தது. வானத்தின் மேலடுக்கில் மின்துகள்கள் எப்படிக் கூடிக் குறைகின்றன என்று பார்ப்பது. அதைச் செய்தவர் பேராசிரியர் சதாசிவம். சென்னையில் இருந்தபடியே வாரம் தவறாமல் எங்களுக்குத் தந்தி அடிப்பார். தன் கருவிக்கு நேரம் குறைவாகக் கொடுக்கிறோம் என்பதுதான் எப்போதும் அவருடைய புகார்.

மேடம் ஜீப்பிலிருந்து இறங்கிய முதல் நாளே டிரைவர் காதர் பாஷாவிடம் கேட்ட கேள்வி எனக்கு இன்றும் காதில் இருக்கிறது. "பாய், இங்க சோறு எங்க நல்லா இருக்கும்?" பெங்களூரில் படித்து வந்தவர் எப்படிப் பேசுவாரோ என்று பயந்து நின்றிருந்தோம். அந்தக் கேள்வியோடு எங்கள் பயம் போயிற்று. செயற்கைக்கோளை அவர் 'நம்ம ஆளு' என்பார். காலையில் உள்ளே வந்ததும், "இன்னா சொல்றான் நம்ம ஆளு?" என்று கேட்டபடிதான் பையை வைப்பார். சந்தைக்குப் போனால் பலாப்பழம் விற்கும் மலைப் பெண்களும் அவரிடம், "இன்னாம்மா, உங்க பொட்டி மேல நல்லா கீதா?" என்று விசாரிப்பார்கள். நின்று பதில் சொல்லிவிட்டுத்தான் வருவார்.

அந்தச் செயற்கைக்கோள் ஓரிரண்டு ஆண்டுகள் இருந்தால் போதும் என்று கட்டப்பட்டது. அந்தக் காலம் முடிந்ததும் முதலில் அதன் டேப் ரிக்கார்டர் நின்றது. உலகைச் சுற்றி வரும்போது பார்த்ததை எல்லாம் பதிந்து வைத்து எங்களிடம் கொட்டுவது அந்த டேப்தான். அது போனதும், எல்லாம் முடிந்தது என்று மூட்டை கட்டத் தயாரானோம்.  மேடம் சொன்னார்:

"இனிமே அது நம்ம தலைக்கு மேல வர்றப்போ மட்டும்தான் பேசும். அவ்ளோதானே? அப்போ அது வர்றப்போ நாம வூட்ல இருக்கணும்."

அதன் பிறகு அது கடந்துபோகும் ஒவ்வொரு வேளையிலும் நிலையத்தில் ஆள் இருக்கும்படி மாற்றி அமைத்தார். நாங்கள் முனகினோம். அவரும் எங்களோடு முறை போட்டு உட்கார்ந்தபோது முனகல் அடங்கியது.

அடுத்து பேட்டரி. சூரியத் தகடுகளுக்கு வயதாகிவிட்டது. பூமியின் நிழலுக்குள் போய் வெளியே வரும்போதெல்லாம் மின்சாரம் ஆபத்தான அளவுக்கு இறங்கியது. இரண்டு கருவிகளையும் மாற்றி மாற்றி அணைத்து, எழுப்பி, எப்படியோ ஓட்டினோம். இரண்டிலும் வந்த தகவல் துண்டு துண்டாக, யாருக்கும் பயன்படாத மாதிரி இருந்தது. அந்தச் சமயம் பார்த்துத்தான் தலைமையகத்திலிருந்து சொல்லி அனுப்பினார்கள்: புதிய செயற்கைக்கோளுக்கே ஆளும் பணமும் போதவில்லை, பழையதை இத்தோடு நிறுத்துவதா என்று முடிவு செய்ய ஒரு குழு மலைக்கு வருகிறது.

எங்களுக்குள் பேசிக்கொண்டது இதுதான்: ஒரு கருவியை நிறுத்தினால் இன்னொன்று பிழைக்கும். மேடம்தான் பொறுப்பாளர். அவருடைய கருவியைக் காப்பாற்றிக்கொள்வார். சதாசிவம் சண்டை போடுவார். அவரும் அப்படித்தான் நினைத்திருந்தார் போலிருக்கிறது. குழுவோடு தானும் ஜீப்பில் ஏறி வந்துவிட்டார். மலைப்பாதை வளைவுகளில் தலைசுற்றி, முகம் வெளுத்து இறங்கினார். மேடம் அவருக்கு எலுமிச்சைச் சாறு கொடுத்து உட்கார வைத்தார்.

கூட்டம் தொடங்கியதும் குழுத் தலைவர் நேராகவே கேட்டார். "இதோட ஆயுள் முடிஞ்சு போச்சே. முடிஞ்ச பொருளுக்கு ஏம்மா செலவு?"

"ஆயுள்னு காயிதத்துல எழுதினது நாமதாங்க. அதுக்கு யாரும் படிச்சிக் காட்டல" என்றார் மேடம். தலைவரே சிரித்துவிட்டார்.

பிறகு மேடம் தன் திட்டத்தைச் சொன்னார். புதிய செயற்கைக்கோளை இயக்கப்போகும் இளம் எஞ்சினியர்களுக்குப் பயிற்சி வேண்டும். பயிற்சிக்கு உயிரோடு இருக்கும் ஒரு செயற்கைக்கோள் வேண்டும். அவர்களை இங்கே அனுப்பினால் பழையதை நடத்த ஆள் கிடைக்கும், செலவும் புதிய திட்டத்தின் பயிற்சிக் கணக்கிலேயே சேர்ந்துவிடும். "வயசான மாட்ட ஓட்டிப் பழகினவங்க இளங்காளைய பயப்படாம ஓட்டுவாங்க" என்றார்.

"சரி. பேட்டரிக்கு என்ன செய்யப் போறீங்க?" என்றார் தலைவர்.

"ஒரு கருவிய நிரந்தரமா நிறுத்திடப் போறோம்."

சதாசிவம் தன் காகிதங்களை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"என்னோடத" என்றார் மேடம்.

 தலைவர் திரும்பக் கேட்டார். "உங்க கருவிய நிறுத்திட்டு அவரோடத நடத்தவா எங்ககிட்ட பணம் கேக்கறீங்க?"

"ஆமாங்க. என் கருவிக்குள்ள அடைச்சிருந்த வாயு கசிஞ்சு போச்சு. சிக்னலவிட இரைச்சல்தான் அதிகமா வருது. அது பார்க்கிற நட்சத்திரங்கள நாளைக்கி வேற யாரும் பார்க்கலாம். சூரியன் பதினோரு வருஷத்துக்கு ஒரு வாட்டி கொந்தளிச்சு அடங்கும். இப்போ கொந்தளிப்பு ஏறிக்கினு இருக்கு. ஏறி இறங்கற வரைக்கும் சாரோட கருவி விடாம பார்த்தா, நம்ம தலைக்கு மேல நடக்கறது முழுசா கிடைக்கும். இத விட்டா திரும்ப பல வருஷம் காத்திருக்கணும்." கொஞ்சம் நிறுத்தி, "நான் பெத்ததுன்னு பார்த்தா முடியாதுங்க. எது இன்னும் வேலை செய்யுதுன்னுதான் பார்க்கணும்" என்றார்.

சதாசிவம் மறுபடி உட்கார்ந்தார். கொண்டு வந்த காகிதங்களை மடித்துப் பைக்குள் வைத்தார்.  சாப்பாட்டு வேளையில், சாமைச் சோறு நன்றாக இருக்கிறது என்று மேடத்திடம் மெதுவாகச் சொன்னார்.

ஓராண்டுக்கு அனுமதி கிடைத்தது. மேடத்தின் கருவியை அணைக்கும் கட்டளையை நான்தான் அனுப்ப வேண்டும். நாற்காலியில் உட்கார்ந்து கையை வைத்திருந்தேன். பின்னால் வந்து நின்றார்.

"ராமலிங்கம், எழுந்திருங்க. நான் போட்றேன்."

எழுந்து இடம் கொடுத்தேன். செயற்கைக்கோள் தொடுவானத்துக்கு மேல் வந்தது. சிக்னல் பிடித்தது. கட்டளையை அனுப்பினார். அவருடைய கருவியிலிருந்து வந்துகொண்டிருந்த கோடு தாளில் கொஞ்சம் நடுங்கி, நேர்க்கோடாகிவிட்டது. எத்தனையோ ஆண்டு உழைப்பு அது. கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"பேட்டரி எப்டி கீது, பாருங்க."

"ஏறுது மேடம்."

"ஏறட்டும்" என்றார். அன்று மதியம் காதர் பாஷாவை ஜீப் எடுக்கச் சொல்லிப் போளூருக்குத் தன் அம்மாவைப் பார்க்கப் போனார். வேலை நாளில் அவர் மலையிறங்கியது எனக்குத் தெரிந்து அந்த ஒரு தடவைதான். போகும் வழியில் அழுதாரா என்று காதர் பாஷாவிடம் பிறகு கேட்டேன். "அதெல்லாம் கேக்காதீங்க சார்" என்று சொல்லிவிட்டார்.

அனுமதி அடுத்த ஆண்டும் நீண்டது, அதற்கடுத்த ஆண்டும். பயிற்சிக்கு வந்த இளைஞர்களால் நிலையம் கலகலத்தது. சூரியனின் கொந்தளிப்பு உச்சத்துக்கு ஏறி இறங்கத் தொடங்கும் வரை அந்தக் கிழட்டுச் செயற்கைக்கோள் விடாமல் பேசியது. கடைசியில் பாதை தாழ்ந்து, காற்றில் உரசி எரிந்து முடிந்தது. எங்களுக்கு வருத்தம்தான். மேடம் மட்டும், "வேலை எல்லாம் முடிச்சிட்டுத்தானே போச்சு, அப்புறம் இன்னா?" என்றார்.

சதாசிவம் தன் ஆய்வுக் கட்டுரையில் மேடத்தின் பெயரையும் சேர்க்க வேண்டும் என்று கேட்டு மறுபடி மலையேறி வந்தார். தந்தி அடிக்கவில்லை, நேரிலேயே வந்தார். மேடம் ஒப்புக்கொள்ளவில்லை. "கருவி உங்களுது, ஆராய்ச்சியும் உங்களுது. நாங்க நடத்தினோம். நன்றின்னு ஒரு வரி போடுங்க, போதும். ஆனா அதுல எல்லார் பேரும் வரணும். காதர் பாஷா பேரும்." அப்படியே வந்தது. அந்தப் பக்கத்தைக் காதர் பாஷா கண்ணாடி போட்டு மாட்டி வைத்திருக்கிறார்.

போன் வந்த அன்று மாலை, போளூர்க் கல்லறைத் தோட்டத்தில் மேடத்தை அடக்கம் செய்தோம். சதாசிவம் சென்னையிலிருந்து வாடகைக் காரில் வந்திருந்தார். பாதிரியார் ஜெபம் முடிக்கும் வரை வெறுங்காலோடு நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டார். "நான் அந்த இடத்துல இருந்திருந்தா என் கருவியத்தான் காப்பாத்தியிருப்பேன், ராமலிங்கம்" என்றார்.  அவர் கையை விடாமல் நின்றிருந்தேன்.

மேடத்தை நான் கடைசியாகப் பார்த்தது போன கிறிஸ்துமஸ் முடிந்த வாரத்தில். வேலூர் திரும்ப என்னை ரயிலேற்ற ஸ்டேஷன் வரை வந்திருந்தார். வண்டி தாமதம். பிளாட்பாரத்து பெஞ்சில் உட்கார்ந்து வேர்க்கடலையை உரித்து, பாதியை என் கையில் போட்டுக்கொண்டே இருந்தார். பாலிடெக்னிக்கில் பையன்கள் எப்படி, கேள்வி கேட்கிறார்களா என்று விசாரித்தார். வண்டி நகர்ந்தபோது ஜன்னலோடு கொஞ்ச தூரம் நடந்து வந்து, "அடுத்த வாட்டி வூட்டுக்காரம்மாவையும் கூட்டினு வாங்க" என்றார். வெயிலுக்குக் கையைப் புருவத்தில் வைத்துக்கொண்டு, வண்டி வளைவில் திரும்பும் வரை அங்கேயே நின்றிருந்தார்.

உங்களோடு வேலை செய்தோம் என்பதில் எங்களுக்குப் பெருமை, மேடம். நிம்மதியாகத் தூங்குங்கள்.