பட்டியலில் விட்டுப்போன முகவரி

கல்யாணத்தில் எனக்குக் கொடுத்த சீர்ச் சாமான்களை எல்லாம் எழுதிய நோட்டைச் சித்தப்பா பத்திரமாக வைத்திருந்தார். போலீஸிலிருந்து ஓய்வு பெற்றவர். எதையும் எழுதிவைக்காமல் விடமாட்டார். விவாகரத்து ஆன மறுவாரம் அதே நோட்டோடு ராஜபாளையத்தில் என் கணவர் வீட்டுக்குப் போனார். ஒவ்வொன்றாக டிக் அடித்து, குட்டியானை வண்டியில் ஏற்றி, ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்து இறக்கினார். பீரோ, கட்டில், கிரைண்டர், குத்துவிளக்கு. தேங்காய்த் துருவியைக்கூட விடவில்லை. நான் அழுவேன் என்று எல்லோரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அழுகை வரவில்லை. பசித்தது, சாப்பிட்டேன்.

கல்யாணத்துக்குப் பிறகு வந்த ஒன்று அந்த நோட்டில் இல்லை. என் இணையதளம். தளவாய்புரத்தில் தைக்கிற நைட்டிகளைப் படம் எடுத்துப் போட்டு அதில்தான் விற்கிறேன், பிழைப்பே அதுதான். தளத்தின் முகவரியைக் கணவர்தான் தன் கைபேசியில் வாங்கித் தந்தார், தன் பெயரில், தன் எண்ணில். கரண்டு பில்லும் வண்டியும் அவர் பெயரில் இருந்தபோது, இது மட்டும் ஏன் என் பெயரில் இருக்க வேண்டும் என்று அன்று எனக்கும் தோன்றவில்லை.

விவாகரத்தாகி எட்டு மாதம் கழித்து ஒரு காலையில் வாடிக்கையாளர் ஒருத்தி வாட்ஸ்அப்பில் கேட்டாள்: "அக்கா, உங்க சைட்ட தொறந்தா பாதுகாப்பு இல்ல, திருட்டுப்போகும்னு வருது. வேற ஆளு கைக்குப் போயிருச்சா?" திறந்து பார்த்தேன். சிவப்பாக ஒரு முக்கோணம். அன்று ஒரு ஆர்டரும் வரவில்லை, மறுநாளும் வரவில்லை.

தளத்தை வைத்திருக்கும் நிறுவனத்துக்குப் போன் செய்தேன். எடுத்த பெண் பொறுமையாகத்தான் சொன்னாள். பாதுகாப்புச் சான்றிதழ் முடிந்துவிட்டது. புதிது வேண்டும் என்றால் அந்த முகவரி என்னுடையது என்று நிரூபிக்க வேண்டும். அதற்கு முகவரி வாங்கிய கணக்குக்குள் போக வேண்டும். போனால் உரிமையாளர் பெயரையும் கைபேசி எண்ணையும் அப்படியே மாற்றிக்கொள்ளலாம்.

"ஆனா மேடம், உள்ளே போறதுக்கான ஓடிபி பழைய ஓனர் நம்பருக்குத்தான் வரும். பத்து நிமிஷம் செல்லும். அவங்ககிட்ட கேட்டுக்கோங்க."

கேட்டுக்கொள்வதில்தான் சிக்கல். இனி இரண்டு பேரும் நேரே பேசிக்கொள்ளக் கூடாது, எது என்றாலும் பெரியவர்கள் வழியாகத்தான் என்று இரண்டு குடும்பமும் உட்கார்ந்து முடிவு செய்திருந்தது. எங்கள் பக்கம் சித்தப்பா, அவர் பக்கம் அவருடைய தாய்மாமா. அப்போது நானும் தலையாட்டினேன். அந்த நாட்களில் எதற்குக் கேட்டிருந்தாலும் தலையாட்டியிருப்பேன்.

அன்று புரட்டாசிச் சனிக்கிழமை. கணினியில் ஓடிபி எண் கேட்டு அழுத்திவிட்டுச் சித்தப்பாவிடம் சொன்னேன். சித்தப்பா அந்தத் தாய்மாமாவுக்குப் போன் போட்டார்.

"அவிய இங்க பக்கத்துத் திருவண்ணாமலைப் பெருமாள் மலைக்குப் போயிருக்காவளாம். ஒரே கூட்டம், மணிச்சத்தத்துல ஒண்ணும் கேக்க மாட்டேங்கு. செத்த நேரம் பொறுட்டி."

"பத்து நிமிஷந்தான் சித்தப்பா. பொறவு செல்லாது."

"பெரிய மனுசன் சாமி கும்பிடக்கூட விடாத அது என்னட்டி நம்பரு?"

முதல் எண் மலையிலேயே காலாவதியானது. இரண்டாவது எண் மாமா வழியாகச் சித்தப்பாவுக்கு வந்து, என்னிடம் வந்தபோது ஆறு இலக்கம் ஐந்தாகியிருந்தது. மூன்றாவதும் தப்பாகப் போக, கணக்கே ஒரு நாளைக்குப் பூட்டிக்கொண்டது. நியாயமாக எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். பாத்திரம் கழுவப் போனேன்.

மறுநாள் வீட்டில் யாரும் இல்லாத நேரத்தில் நானே அவரை நேரே அழைத்தேன். அவர் எண்ணைப் போனிலிருந்து அழித்து வெகுநாள் ஆகிவிட்டது. விரல் மறக்கவில்லை.

"நான்தான்."

"தெரியுது. சொல்லு."

"உங்க போனுக்கு ஒரு நம்பரு வரும். சைட்டுக்கு. அதச் சொல்லணும்."

"நேத்து மாமா கேட்டாவ. அனுப்பு."

எண் கேட்டு அழுத்தினேன். அவருக்குப் பின்னால் தண்ணீர் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. தொட்டி நிறைந்து மாடியிலிருந்து கொட்டும் சத்தம் எனக்குக் கேட்டது. மோட்டாரை நிறுத்துங்க என்று சொல்ல வாய் வரை வந்ததை விழுங்கிக்கொண்டேன். அவர் ஆறு இலக்கத்தையும் படித்தார். தப்பில்லாமல் தட்டினேன். பொத்தானை அழுத்த வேண்டியதுதான் பாக்கி. அழுத்திவிட்டால் முகவரி என் பெயருக்கு வந்துவிடும், இனி எல்லா எண்ணும் என் போனுக்கே வரும், எதற்காகவும் இந்த மனிதரை அழைக்க வேண்டியிராது. இத்தனை மாதமாக மரத்துக் கிடந்த மனசில் முதல் தடவையாக வலித்தது.

"நேரம் முடிஞ்சிருச்சு. இன்னொண்ணு வரும், அதச் சொல்லுங்க" என்றேன்.

பொய். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்கவில்லை. தட்டியதை அழித்துவிட்டுப் புது எண் கேட்டு அழுத்தினேன்.

இரண்டாவது எண்ணை அவர் மெதுவாக, நான் கேட்காமலே இரண்டு தடவை படித்தார். போட்டேன். ஏற்றுக்கொண்டது.

"ஆயிருச்சா?"

"ஆயிருச்சு. இனிமே உங்களுக்கு வராது."

"சரி" என்று வைத்துவிட்டார்.

சாயங்காலத்துக்குள் சிவப்பு முக்கோணம் போய்விட்டது, இரண்டு ஆர்டரும் வந்தன. உரிமையாளர் என்ற இடத்தில் என் பெயர் இருந்தது. அதன் பிறகு அந்த மாதிரி எண்கள் என் போனுக்கே வருகின்றன. முதல் தடவை வந்தபோதுதான் அந்தச் செய்தியை முழுதாகப் படித்தேன். எண்ணுக்குக் கீழேயே பத்து நிமிடம் செல்லும் என்று எழுதியிருக்கிறது. அன்று அவரும் அதைப் படித்திருப்பார். படித்துவிட்டுத்தான், ஒன்றும் கேட்காமல், இரண்டாவது எண்ணையும் எனக்குச் சொன்னார்.