ஜமால் பாய் எழுதிய நாலு வரி

அந்தச் செய்தியை நானே வாசித்தேன். திங்கட்கிழமை காலை, கடலூர் பழைய நகரத்தில் எங்கள் ரத்தப் பரிசோதனை லேபின் ஷட்டரைத் தூக்கிவிட்டு, தரையைக் கூட்டிக்கொண்டிருந்தேன். சட்டைப் பையில் போன் சத்தம் போட்டது. எங்கள் லேப் டெக்னீஷியன் செல்வி அனுப்பியிருந்தாள். "ஜமால் பாய் காலையில் இறந்துவிட்டார். மாலை லால்பேட்டையில் அடக்கம்." ஏழே சொல். நான் எழுத்துக் கூட்டிப் படிக்கிறவன். தப்பாகப் படிப்பது எனக்கு வழக்கம். அன்றைக்கும் தப்பாகத்தான் படித்திருப்பேன் என்று நினைத்து, துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு மறுபடி படித்தேன். மூன்று தடவை படித்தும் மாறவில்லை.

ஜமால் பாயைத் தெரிந்த நீங்கள் எல்லாரும் ஆளுக்கு ஒரு பக்கம் எழுதித் தர வேண்டும், நினைவுக் கூட்டத்தில் வாசிக்கலாம் என்று எங்கள் லேப் டாக்டர் சொன்னார். என்னைக் கணக்கில் சேர்த்தாரோ இல்லையோ, நான் சேர்ந்துகொண்டேன். இதை எழுத எனக்கு ஒன்பது நாள் ஆயிற்று. கை வலித்தது. ஆனாலும் எழுதுவது நல்ல வேலையாகத்தான் இருக்கிறது.

என் பெயர் ஏழுமலை. அறுபத்தெட்டு வயது. லேபில் அட்டெண்டர். கடலூரில் ஒன்று, சிதம்பரத்தில் ஒன்று என்று எங்கள் டாக்டருக்கு இரண்டு லேப். இரண்டிலும் கம்ப்யூட்டர் பார்த்துக்கொண்டவர் ஜமால் பாய். லால்பேட்டையிலிருந்து பஸ்ஸில் சிதம்பரம் வந்து, அங்கே வேலை முடித்துவிட்டு இங்கே வருவார். கையில் ஒரு பை. பைக்குள் பாதி வயர், பாதி முறுக்கு. அவருக்கு என்னைவிடப் பதினைந்து வயது குறைவு. முதல் நாளே என்னை மாமா ஆக்கிவிட்டார்.

எங்கள் கம்ப்யூட்டர் லினக்ஸில் ஓடுவது. அதற்கு ஒரு யூபிஎஸ் உண்டு. கரண்ட் போனால் அதன் பேட்டரி கொஞ்ச நேரம் தாங்கும். அதற்குள் யாராவது கம்ப்யூட்டரை முறையாக மூட வேண்டும். ஆள் இல்லாத நேரத்தில் போனால், பேட்டரி தீர்ந்ததும் கம்ப்யூட்டர் அப்படியே உயிரை விட்டுவிடும். இதற்கு வழி பண்ணத்தான் ஒருநாள் ஜமால் பாய் ஒரு மெல்லிய வயரோடு வந்தார். யூபிஎஸ்ஸின் பின்பக்கம் ஒரு சதுர ஓட்டை. ஒரு முனையை அதிலும், மறுமுனையைக் கம்ப்யூட்டரிலும் செருகினார்.

"ஏற்கெனவே இத்தன வயர் கீதே பாய், இது எதுக்கு?" என்றேன்.

"அதெல்லாம் சோறு போடுற வயரு மாமா. இது பேசுற வயரு. எனக்குக் கரண்ட் போயிடுச்சு, இன்னும் பத்து நிமிஷந்தான் தாங்குவேன்னு இவரு சொல்வாரு. கம்ப்யூட்டரு கேட்டுக்கிட்டு, தானா கடைய மூடிக்கும்."

கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தாக அவர் தட்டிக்கொண்டே இருந்தார். மதியம்வரை யூபிஎஸ்ஸிடமிருந்து பேச்சு வரவில்லை. யூபிஎஸ்ஸைத் தொட உனக்கு அனுமதி இல்லை என்று கம்ப்யூட்டர் சொல்கிறதாம். எதையோ மாற்றி எழுதினார். கடைசியில் அந்த வயரைப் பிடுங்கி மறுபடி செருகினார். உடனே திரையில் வரிசையாக வந்தது: பேட்டரி நூற்றுக்கு நூறு, இத்தனை நிமிடம் தாங்கும், வெளியே இத்தனை வோல்ட். "பாத்தீங்களா மாமா, ஒரு தடவ புடுங்கிச் செருகுனா பேசிட்டாரு" என்று என் தோளில் தட்டினார். பிடுங்கிச் செருகலாம் என்பதை அன்றைக்கே மனதில் வாங்கிக்கொண்டேன். அது எங்கே கொண்டுபோய் விட்டது என்பதைச் சொல்கிறேன்.

அதற்கு முன்னால் ஒன்று. வேலை முடிந்ததும், "எல்லாரும் வாங்க, உக்காருங்க" என்று எங்களைக் கூப்பிட்டு, சுவரிலிருந்த பிளக்கைப் படக்கென்று பிடுங்கிவிட்டார். செல்வி அலறினாள். யூபிஎஸ் கீக் கீக் என்று கத்தியது. ஜமால் பாய் பையிலிருந்து முறுக்கை எடுத்து எல்லாருக்கும் கொடுத்தார். கிரிக்கெட் பார்ப்பதுபோல உட்கார்ந்து பேட்டரி இறங்குவதைப் பார்த்தோம். அவர் குறித்து வைத்த அளவுக்கு வந்ததும் கம்ப்யூட்டர் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டு, தானே அணைந்தது. டாக்டர் கைதட்டினார். "நல்லா இருக்கும்போதே ஒரு தடவ கரண்ட்ட நிறுத்திப் பாத்துடணும் சார். மழையில போயி சோதன பண்ண முடியாது" என்றார் ஜமால் பாய்.

பிறகு ஆயுத பூஜை வந்தது. லேபில் பூஜை என் பொறுப்பு. மைக்ராஸ்கோப், ரத்தம் சுற்றுகிற மெஷின், பிரிட்ஜ் எல்லாவற்றையும் துடைத்துச் சந்தனம், குங்குமம் வைத்தேன். யூபிஎஸ்ஸை மேஜைக்கு அடியிலிருந்து இழுத்தேன். நன்றாகத் துடைக்க வேண்டும் என்று அந்தப் பேசுகிற வயரைப் பிடுங்கினேன். பொட்டு வைக்கப் போனால், இதற்கு முகம் எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. சாமி காரியத்தில் குறை வைக்கக் கூடாது என்று நாலு பக்கமும் சந்தனத்தைத் தாராளமாக அப்பினேன். பின்பக்கத்துச் சதுர ஓட்டை சந்தனத்தில் மூடிக்கொண்டது. வயரை எடுத்து அதே இடத்தில், சந்தனத்தோடு சேர்த்து அமுக்கினேன். போய் உட்கார்ந்தது. எனக்கும் திருப்தி.

மறுநாளிலிருந்து காலையில் நான் திரையைப் போட்டால் நடுவில் ஒரு கட்டம் வந்து நிற்கும். அதில் இங்கிலீஷில் ஏதோ எழுதியிருக்கும். எது வந்தாலும் பெரிய பட்டனைத் தட்டிவிடு என்று எனக்கு யாரோ எப்போதோ சொல்லியிருந்தார்கள். தட்டினேன். போய்விட்டது. தினமும் வந்தது, தினமும் தட்டினேன். செல்வி வரும்போது திரை சுத்தமாக இருக்கும்.

ஐப்பசி மழையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அரை நாள் வேலை முடிந்து பூட்டிக்கொண்டு போய்விட்டோம். கம்ப்யூட்டர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. பிற்பகல் கரண்ட் போயிற்று. பேட்டரி தீர்ந்தது. தீர்கிறது என்று கம்ப்யூட்டருக்குச் சொல்ல வழியில்லை. திங்கட்கிழமை காலை அது எழுந்திருக்கவே இல்லை. ஜமால் பாய் வந்து பழையதை எல்லாம் மீட்டுவிட்டார். அந்த ஞாயிற்றுக்கிழமை ரிப்போர்ட் மட்டும் போனது போனதுதான். பத்தொன்பது பேருக்குப் போன் பண்ணி, மறுபடி வாருங்கள், ரத்தம் எடுக்க வேண்டும் என்றோம்.

தேவனாம்பட்டினத்திலிருந்து மீன் விற்கிற அம்மா ஒருவர் வந்தார். "நேத்து எடுத்த ரத்தத்த இன்னா பண்ணீங்க? கடல்ல ஊத்திட்டீங்களா? நேத்தும் வெறும் வயிறு, இன்னிக்கும் வெறும் வயிறு. சுகர் இருக்குதோ இல்லியோ, நீங்களே என்ன முடிச்சிடுவீங்க போலக்கீது" என்று கூடத்தில் நின்று சத்தம் போட்டார். எல்லாரும் சிரித்தார்கள். டாக்டர் சிரிக்கவில்லை.

"தானா மூடிக்கும்னு சொன்னீங்களே ஜமால். உங்கள நம்பித்தான ரெண்டு லேபயும் விட்டேன்? இன்னொரு தடவ இப்படி ஆச்சுன்னா வேற ஆள் பாத்துக்கிறேன். ரெண்டு எடத்துக்கும்" என்றார்.

ஜமால் பாய் அப்போது மேஜைக்கு அடியில் டார்ச்சோடு படுத்திருந்தார். வயரைக் கையில் எடுத்தார். மூக்கருகே கொண்டுபோனார். அப்படியே தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். நான் துடைப்பத்தோடு நின்றேன். என் மகள் வயதுள்ள செல்வி பக்கத்தில் நின்றாள். அவள் முன்னால் வாய் திறக்க எனக்குத் தைரியம் வரவில்லை.

அவர் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டார். "தப்பு என்னுதுதான் சார். பேச்சு நின்னுடுச்சுன்னு தினமும் திரையில சொல்லியிருக்கு. யாரு படிக்கணுமோ அவுங்களுக்குப் புரியிற மாதிரி நான் எழுதல" என்றார்.

டீக்கடையில் அவரிடம், "பாய், அது நாந்தான்" என்றேன்.

"தெரியும் மாமா. உள்ள இருந்து சந்தனமா மணக்குது. ஒரு மாலையும் போட்டிருந்தீங்கன்னா நிக்காஹே முடிச்சிருக்கலாம்."

"டாக்டர்கிட்ட சொல்லிடறேன்."

"இப்ப வேணாம். அவரு கோவத்துல இருக்காரு. மழ முடியட்டும். இனிமே தமிழ்ல வர்ற மாதிரி நாலு வரி எழுதிடறேன். பெருசா, நல்லா தெரியிற மாதிரி. நீங்க படிச்சுட்டு எனக்குப் போன் பண்ணுங்க."

நான் டீயைக் கீழே வைத்தேன். "எனக்குத் தமிழும் படிக்கத் தெரியாது பாய்."

அவர் இரண்டு மடக்குக் குடித்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து பஸ் டிக்கெட்டை எடுத்து, அதன் பின்னால் எதையோ எழுதினார். "நாலே வரிதான மாமா. அதுல எழுத்து ரொம்ப ஜாஸ்தி இல்ல" என்று என் கையில் கொடுத்தார்.

எங்கள் தெருப் பள்ளிக்கூடத்தில் சாயங்காலம் பெரியவர்களுக்கு வகுப்பு நடந்தது. அந்த டிக்கெட்டோடு போனேன். டீச்சர் அ, ஆ என்று ஆரம்பித்தார். "அதெல்லாம் அப்புறம் டீச்சர், மொதல்ல இந்த நாலு வரியில இருக்கிறதச் சொல்லிக் குடுங்க. மழ வந்துடும்" என்றேன். வகுப்பே சிரித்தது. டீச்சர் அப்படியே சொல்லிக் கொடுத்தார். கரண்ட் போனது. கரண்ட் வந்தது. பேட்டரி தீர்கிறது. யூபிஎஸ் பேசவில்லை, வயரைப் பாருங்க. என் அகராதி அவ்வளவுதான்.

கார்த்திகையில் புயல் அறிவித்திருந்தார்கள். அன்று காலை திரையைப் போட்டேன். கட்டம் வந்தது. கை தானாகப் பெரிய பட்டனுக்குப் போயிற்று. எடுத்துவிட்டேன். விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டினேன். யூ, பி, எஸ். பே, ச, வி. முடிக்கும்போது வேர்த்துவிட்டது. போன் போட்டேன்.

"பாய்! யூபிஎஸ் பேசவில்லை, வயரைப் பாருங்கன்னு போட்டிருக்கு!"

"யாரு படிச்சது? செல்வி வந்துடுச்சா?"

"செல்வி இன்னும் வர்ல. நாந்தான்."

"இன்னொரு தடவ படிங்க மாமா" என்றார். படித்தேன். "இன்னொரு தடவ." படித்தேன். "சரி, வயரப் பாத்தீங்களா?"

"ஐயோ, பாக்கல பாய். படிச்ச சந்தோஷத்துல மறந்துட்டேன்."

அவர் சிரித்த சிரிப்பு போனைத் தாண்டிக் கேட்டது. கீழே குனிந்து பார்த்தேன். முந்தின நாள் நான் தரை துடைக்கும்போது மாப் இடித்து வயர் பாதி வெளியே வந்திருந்தது. அழுத்திச் செருகினேன். மதியம் புயல் வந்தது, கரண்ட் போயிற்று. பேட்டரி இறங்கியதும் கம்ப்யூட்டர் தானே மூடிக்கொண்டது. மூன்றாம் நாள் கரண்ட் வந்தபோது ஒரு ரிப்போர்ட்கூடக் குறையவில்லை. வேறு ஆள் பார்ப்பது பற்றி டாக்டர் அதன் பிறகு பேசவே இல்லை.

அன்றிலிருந்து ஜமால் பாய் வரும்போதெல்லாம் அந்த நாலு வரியில் ஏதாவது ஒன்றை எனக்காக மாற்றிவிட்டுப் போவார். நான் கண்டுபிடித்துப் படிக்க வேண்டும். அடுத்த ஆயுத பூஜைக்கு முதல் நாள் யூபிஎஸ்ஸில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது: "முகம் இந்தப் பக்கம்." அந்தப் பக்கம் மட்டும் பொட்டு வைத்தேன்.

"டாக்டர்கிட்ட எப்ப சொல்றது பாய்?" என்று ஒருமுறை கேட்டேன். "அதான் எழுதப் படிக்கக் கத்துக்கிட்டீங்களே. ஒருநாள் உக்காந்து எழுதிக் குடுத்துடுங்க. என்னையும் நல்லவன்னு நாலு வார்த்த சேத்துக்கங்க" என்றார். நானும் தள்ளிப் போட்டேன். அவர் இருந்தவரை அவசரமில்லை என்று நினைத்தேன்.

டாக்டர், அன்றைக்கு அந்தச் சதுர ஓட்டையில் சந்தனம் அப்பியவன் நான். திட்டு வாங்கியவர் ஜமால் பாய். அவர் நல்லவர்.

லால்பேட்டைக்குப் போகும்போது பஸ்ஸில் போர்டு படித்துக்கொண்டே போனேன். சிதம்பரம், குமராட்சி, காட்டுமன்னார்கோயில். அவர் தினமும் வந்த வழி. அடக்கம் முடிந்து திரும்பினேன். மறுநாள் லேபில் கரண்ட் போய், ஐந்து நிமிடத்தில் வந்தது. திரையில் கட்டம் வந்தது. கடைசியாக வந்தபோது அவர் மாற்றிவிட்டுப் போன வரி அது. அதைப் படிக்க எனக்கு இப்போது விரல் வைத்துக் கூட்ட வேண்டியதில்லை. கம்ப்யூட்டர் பார்க்கப் புதிதாக வருகிறவரிடம், மற்றதையெல்லாம் உங்கள் இஷ்டப்படி மாற்றுங்கள், இதைத் தொடாதீர்கள் என்று சொல்லி வைத்திருக்கிறேன். பஸ் டிக்கெட்டும் அந்த வரியும் என்னோடு இருக்கட்டும்.

"கரண்ட் வந்தது. டீ குடிங்க மாமா."

போய்க் குடித்தேன்.