ஸ்டியரிங் இல்லாத வண்டி

என் அப்பா லாரி டிரைவர். தொப்பூர் கணவாயில் இருபது வருடம் ஏறி இறங்கியவர். எந்த வளைவில் எந்த கியர் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். எண்பதுகளின் நடுவில், நான் பிளஸ் டூ முடித்த வருடம், அந்தக் கணவாயில் இறங்கும்போது அவருடைய லாரிக்கு பிரேக் பிடிக்கவில்லை. முன்னால் ஒரு பஸ் போய்க்கொண்டிருந்தது. அப்பா லாரியை வலது பக்கம் ஒடித்து மலையோரத்து மண்மேட்டில் ஏற்றி நிறுத்திவிட்டார். பஸ்ஸில் போனவர்களுக்கு இப்படி ஒன்று நடந்ததே தெரிந்திருக்காது. அப்பாவுக்கு வலது முட்டி நொறுங்கியது.

ஆஸ்பத்திரியில் அம்மா பழனி முருகனுக்கு வேண்டிக்கொண்டாள். அப்பா எழுந்து நடந்தால் அவருக்கு மொட்டை போடுவதாக. அப்பாவைக் கேட்கவில்லை. ஏழு மாதம் கழித்து அவர் கம்பு இல்லாமல் நடக்க ஆரம்பித்ததும், "எப்பப் போலாம்?" என்று தினமும் கேட்டாள். அப்பாவுக்கு அடர்த்தியான சுருட்டை முடி. அதனாலேயே இரண்டு மாதம் தள்ளிப்போட்டார்.

கடைசியில் கிளம்பினோம். எங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் போனால் தொப்பூர் கணவாயில் இறங்கித்தான் சேலம் போக வேண்டும். அப்பா, "ரயில்ல போலாம், கால நீட்டி உக்காரலாம்" என்றார். மொரப்பூரில் ரயில் ஏறி, ஈரோட்டில் இறங்கி, அங்கிருந்து தாராபுரம் வழியாகப் பழனிக்கு பஸ். அந்தப் பாதை தட்டை.

மறுநாள் காலை அடிவாரத்தில் மொட்டை முடிந்தது. மொட்டைத் தலையோடு அப்பா வேறு யாரோ போல இருந்தார். நான் சிரிப்பை அடக்க முடியாமல் சந்தனம் பூசிவிட்டேன். "நல்லாப் பூசு, எரியுது" என்றார். படி ஏற அவர் முட்டி தாங்காது. அதனால் விஞ்சில் போவது என்று முடிவாகியிருந்தது. மலை மேல் செங்குத்தாகத் தண்டவாளம் போட்டு, இரும்புக் கம்பியால் இழுத்து ஏற்றுகிற வண்டி அது.

"நீ நடந்து வரலியாம்மா?" என்று கேட்டேன்.

"மொட்டை போடறேன்னுதான் வேண்டிக்கிட்டேன். நடந்து வர்றேன்னு ஒரு வார்த்தை சொல்லலியே" என்றாள் அம்மா. சாமி கணக்கில் அவள் எப்போதும் கறார்.

வரிசையில் ஒன்றரை மணி நேரம் நின்றோம். வண்டி கீழே வந்து நின்றபோது முழுதாகப் பார்த்தேன். படிக்கட்டுக்குச் சக்கரம் மாட்டியது போல இருந்தது. ஒவ்வொரு பெட்டியும் முந்தையதை விட ஒரு படி உயரத்தில். கூட்டம் முண்டியடித்து ஏறியது. எங்கள் முறை வந்ததும் அப்பா ஒதுங்கி நின்றார்.

"போகட்டும். அடுத்ததுல போலாம்."

அடுத்தது வந்தது. பின்னால் நின்ற ஒரு குடும்பத்தைக் கைகாட்டி, "கொழந்தைங்க இருக்கு, அவங்க போகட்டும்" என்றார். அதற்கும் அடுத்தது வந்தபோது செருப்பில்லாத காலில் ஏதோ முள் குத்திவிட்டதாகக் குனிந்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அம்மாவுக்கு முதல் வண்டியிலேயே தெரிந்திருக்க வேண்டும். வெயிலில் முந்தானையைத் தலைக்குப் போட்டுக்கொண்டு நின்றாள்.

வண்டிக் கதவருகே மணி அடித்து அனுப்புகிற பணியாளர் ஒருவர் இருந்தார். முப்பது வயது இருக்கும். அப்பா அவரிடம் போனார்.

"ஏம்ப்பா, இதுல ஸ்டியரிங்கே காணோமே. யார் ஓட்டறது?"

"மேல மெசின் ரூம்ல இருந்து ஓட்டறாங்கண்ணே. நான் மணி அடிச்சா அங்க தெரியும்."

"மேல ஒக்காந்துக்கிட்டு கீழ இருக்கற வண்டிய ஓட்டறாங்களா?"

"ரெண்டு வண்டிண்ணே. ஒரே கம்பியில இந்தப் பக்கம் ஒண்ணு, அந்தப் பக்கம் ஒண்ணு. அது எறங்கற கனத்துல இது ஏறும். மோட்டாருக்குப் பாதி வேலதான்."

அப்பா மேலே பார்த்தார். கம்பி வெயிலில் எண்ணெய்ப் பளபளப்போடு மலை மேல் போய் மறைந்தது.

"கம்பி அறுந்தா?"

வரிசையில் நின்ற ஒரு பாட்டி காதைப் பொத்திக்கொண்டாள். பணியாளர் இந்தக் கேள்வியைப் பலமுறை கேட்டவர் போலிருக்கிறது. "அடியில பிரேக் இருக்குண்ணே. கம்பி தளந்தாலே அது தானா தண்டவாளத்தக் கவ்விக்கும்."

"ஆளு மிதிக்க வேணாமா?"

"வேணாம்ண்ணே. யாரும் மிதிக்க வேணாம்."

அப்பா குனிந்து வண்டியின் அடியைப் பார்த்தார். ஆஸ்பத்திரியில் முதல் வாரம் முழுக்க, "மிதிச்சு மிதிச்சுப் பாத்தேன், மிதிச்சு மிதிச்சுப் பாத்தேன்" என்று மட்டுமே சொல்லிக்கொண்டிருந்தவர் அவர். திரும்பி அம்மாவைப் பார்த்தார்.

"ஏறுங்க" என்றாள் அம்மா.

ஏறினோம். மணி அடித்தது. வண்டி ஒரு சின்ன இழுப்போடு நகர்ந்து, பிறகு சத்தமில்லாமல் ஏறியது. பழனி ஊர் எங்கள் காலடியில் விரிந்தது. ஓட்டுக் கூரைகள், குளம், அதற்கப்பால் தென்னை, அதற்கும் அப்பால் நீலமாகக் கொடைக்கானல் மலை. காற்று குளிர்ந்தது. எனக்குக் கத்த வேண்டும் போல சந்தோஷமாக இருந்தது. அப்பா எதையும் பார்க்கவில்லை. அவருடைய வலது கால் தரையை அழுத்திக்கொண்டிருந்தது. அம்மா அவர் தொடை மேல் கையை வைத்து, "அதான் மிதிக்க வேணாம்னு சொல்லிட்டாரில்ல" என்றாள். கால் தளரவில்லை.

பாதி மலையில் தண்டவாளம் இரண்டாகப் பிரிந்தது. மேலிருந்து இறங்கி வந்த வண்டி எங்களைத் தொட்டுவிடுவது போல வந்து, விலகி, பக்கத்தில் போனது. அதிலிருந்தவர்கள் கை காட்டினார்கள். எல்லாரும் மொட்டை. அப்பா சட்டென்று நிமிர்ந்தார். அந்த வண்டி போவதை உடம்பைத் திருப்பிப் பார்த்தார்.

"அது எறங்குது, நாம ஏறறோம்" என்றார், ஏதோ கண்டுபிடித்தவர் போல. "தராசு மாதிரிதான். சரியான வேல பண்ணியிருக்கான்."

அதற்குப் பிறகு வாய் மூடவில்லை. மேலே இறங்கியதும் கோயிலுக்குப் போகிற வழியை விட்டு மெசின் ரூம் ஜன்னலுக்குப் போய்விட்டார். உள்ளே ஆள் உயரத்துக்கு ஒரு உருளை, அதில் கம்பி சுற்றிச் சுற்றி ஏறிக்கொண்டிருந்தது. உள்ளே இருந்தவரிடம் ஜன்னல் வழியாக என்னென்னவோ கேட்டார். அம்மா பத்து நிமிடம் பொறுத்தாள்.

"சாமியப் பாக்க வந்தீங்களா, மோட்டாரப் பாக்க வந்தீங்களா?"

"சாமி எங்கியும் போயிடாது. இங்க வண்டி நகருது பாரு" என்றார் அப்பா.

தரிசனம் நன்றாகவே கிடைத்தது. அம்மா அழுதாள். அப்பா கும்பிட்ட கையை இறக்கவே இல்லை. அந்த நேரத்தில் அவர் மோட்டாரை நினைத்திருக்க மாட்டார் என்றே நம்புகிறேன்.

இறங்கும்போது அப்பா முன்வரிசை இடத்தைப் பிடித்தார். செங்குத்தாக ஊரை நோக்கி இறங்கும்போது அம்மாதான் கண்ணை மூடிக்கொண்டாள். நான் அப்பாவின் காலைப் பார்த்தேன். இன்னும் அழுத்திக்கொண்டுதான் இருந்தது. ஆனால் முகம் சிரித்தபடி இருந்தது.

அடிவாரத்தில் எங்களை ஒரு மரத்தடியில் உட்காரவைத்துவிட்டு, "பஞ்சாமிர்தம் வாங்க மறந்துட்டேன், மேல போயிட்டு வந்துடறேன்" என்றார். அம்மாவின் பையில் இரண்டு டப்பா இருந்தது. அவரே வாங்கியது. அம்மா பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு, "போயிட்டு வாங்க" என்றாள். இரண்டு மணி நேரம் கழித்து வெறுங்கையோடு வந்தார்.

இரண்டு மாதத்தில் அவர் மறுபடி லாரி ஏறினார். விஞ்சுதான் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். முட்டி தேறியிருந்தது, வீட்டில் சும்மா இருக்கவும் அவருக்குத் தெரியாது.

எனக்கு அதிகம் நினைவிருப்பது திரும்பி வந்த ரயில்தான். எதிரே ஒரு புளி வியாபாரி உட்கார்ந்திருந்தார். அப்பா தோளிலிருந்த துண்டை எடுத்து ஜன்னல் கம்பி மேல் போட்டு, இரண்டு முனையையும் மாற்றி மாற்றி இழுத்துக் காட்டினார். "இது ஏறுது, அது எறங்குது. பாத்தீங்களா? நடுவுலதான் விசயமே." வியாபாரி சேலம் வரைக்கும் தலையாட்டினார். பிறகு தூங்கிவிட்டார். அப்பா துண்டை என் பக்கம் திருப்பினார்.