ஷோரூம் சிபாரிசு செய்த கார்

தெருவில் அவருக்கு ‘ஷோரூம்’ என்று பெயர். வேலை என்னவோ டைல்ஸ் கடையில் விற்பனை. ஆனால் வாயைத் திறந்தால் கார்தான். கதவு சாத்தும் சத்தத்தைக் கேளுங்க, பிரேக் எப்படிப் பிடிக்குது பாருங்க என்று ஆளை நிறுத்தி வைத்துக்கொண்டு விடமாட்டார். பால் வாங்கக் கிளம்பியவர்கள் அவர் கார் துடைப்பதைக் கண்டால் சுற்றுவழியில் போவார்கள்.

தங்கை வீட்டில் கார் வாங்கும் பேச்சு வந்தபோது அவள் கணவர் வேறொன்றைப் பார்த்து வைத்திருந்தார். ஷோரூம் விடுவாரா? மல்லுக்கட்டி, தன்னிடம் இருக்கும் அதே கார், அதே நிறம் வாங்க வைத்தார். “எதுன்னாலும் என்னைக் கேளுங்க மச்சான்” என்று மார்தட்டிக்கொண்டார்.

அப்புறம் ஒரு நாள் கார் கம்பெனியிலிருந்து அவருக்கு மெசேஜ் வந்தது. ஓட்டுபவருக்குப் பக்கத்து சீட்டின் பெல்ட்டில் கோளாறு இருக்கலாம், வண்டியைக் கொண்டு வந்தால் இலவசமாக மாற்றித் தருகிறோம், அதுவரை அந்த சீட்டில் யாரும் உட்கார வேண்டாம் என்று. பெற்ற பிள்ளையைப் பற்றி ஹெட்மாஸ்டர் கூப்பிட்டுப் புகார் சொன்ன மாதிரி ஆகிவிட்டது அவருக்கு. மனைவியிடம்கூட மூச்சு விடவில்லை. கடைக்கு வயிற்றுவலி என்று லீவு சொல்லிவிட்டு, காதும் காதும் வைத்தாற்போல சர்வீஸ் சென்டருக்குப் போனார்.

மெக்கானிக் அவரை அந்த சீட்டிலேயே உட்கார வைத்தார். “வெடுக்குனு இழுங்க சார். பிடிக்கணும்.” இழுத்தார். பிடிக்கவில்லை. பெல்ட் அது பாட்டுக்கு வந்துகொண்டே இருந்தது. புதிதாக மாட்டியதை இழுத்தார். பட்டென்று நின்றது.

அந்த வாரமே தங்கை ஃபோன் செய்தாள். “அண்ணா, பெல்ட்டைப் பத்தி எங்களுக்கு மெசேஜ் வந்திருக்கு. போகணுமா?”

பின்னால் மச்சானின் இருமல் கேட்டது. ஸ்பீக்கரில் போட்டிருக்கிறாள். அவ்வளவுதான், கடையில் உடைந்த ஓரத்தையும் ‘அது டிசைன் சார்’ என்று விற்றுவிடும் நாக்கு தானாகப் பேசியது. “அதெல்லாம் சும்மாம்மா. சர்வீஸ்ல வண்டியை விட்டா அதை மாத்து, இதை மாத்துன்னு நம்ம தலையில கட்டுவானுங்க. நம்ம வண்டிக்கு ஒரு குறையும் இல்ல.”

“நீ சொன்னா சரிண்ணா.”

ஃபோனை வைத்ததும் அவரையே அவருக்குப் பிடிக்கவில்லை. நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று நினைத்தார். மறுநாளும் அதையேதான் நினைத்தார்.

சில வாரம் கழித்து கடை வாசலில் தங்கையின் கார் வந்து நின்றது. மச்சானுக்கு மெதுவாக நிறுத்தத் தெரியாது. அவர் போட்ட பிரேக்கில், பக்கத்து சீட்டிலிருந்த தங்கை பெல்ட் போட்டிருந்தும் முன்னால் போய் டேஷ்போர்டில் கையை ஊன்றிக்கொண்டாள். சிரித்துக்கொண்டே, “காலைல ஊருக்குக் கிளம்புறோம்ணா, சொல்லிட்டுப் போலாம்னு வந்தோம்” என்றாள். சொல்வதற்கு இதைவிட நல்ல நேரம் உண்டா? மச்சான் முகத்தைப் பார்த்ததும் மனுஷன் பேச்சை மாற்றிவிட்டார். “பத்திரமா போயிட்டு வாங்க” என்றார். அந்த வாயால் அதைச் சொன்னாரே, என்ன சொல்ல! கார் போன பிறகு அவமானத்தில் காது மடல் வரைக்கும் சுட்டது.

கடை அடைத்ததும் நேராகத் தங்கை வீட்டுக்குப் போனார். அவள் பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டிருந்தாள். மச்சான் குளித்துக்கொண்டிருந்தார். அதுவரை அவருக்கு நிம்மதி.

“அந்த பெல்ட் விஷயம்மா... நெஜமாவே கோளாறுதான். மாத்தாம நீ அந்த சீட்டுல உக்காரக் கூடாது.”

“ஐயோ, அப்ப உன் வண்டி?” தங்கை பதறிவிட்டாள். “அண்ணி எப்பவும் முன்னாடிதானே உக்காருவாங்க? எங்களை விடு, நீ முதல்ல போய் மாத்திடுண்ணா.”

திட்டியிருந்தால் தாங்கியிருப்பார்.

“என்னுதை... அப்பவே மாத்திட்டேன்.”

“நான் ஃபோன் பண்றதுக்கு முன்னாடியா?”

தலையை மட்டும் ஆட்டினார். தங்கை அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். குளியலறைக் கதவு திறந்தது.

“என்ன மச்சான், இந்த நேரத்துல?”

தங்கைதான் முந்திக்கொண்டாள். “பெல்ட்டை மாத்தாம கிளம்பக் கூடாதாம். அண்ணன் இப்பத்தான் விசாரிச்சுட்டு, சொல்ல ஓடி வந்திருக்காரு.”

“பாத்தியா! மச்சான் இருக்கறப்ப நமக்கென்ன கவலை?” என்று அவர் ஷோரூமின் தோளைத் தட்டினார்.

ஷோரூம் குனிந்த தலை நிமிரவில்லை. தங்கை அவர் பக்கம் திரும்பாமல், அடுக்கிய துணிகளைப் பெட்டியிலிருந்து வெளியே எடுத்து வைக்கத் தொடங்கினாள்.